தட்டைத் திருப்பும் கொக்கி

மார்ச் 6, 1988
ஞாயிறு இரவு

அன்புள்ள ஆர்லோ,

உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் இருப்பவர்களிடமும் கூடாது. படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. அலாஸ்காவில் கடலுக்கா பஞ்சம்.

மீன் ஆலையில் கத்தி பட்ட காயம் ஆறிவிட்டதென்று கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாய். மறுபடி ஏதும் வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இன்னும் இரவு வேலைதான், முதுகு வலி விடவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் இந்தக் கையெழுத்து.

அப்பா ஒரு எந்திரம் வாங்கியிருக்கிறார். டோர்வால்ட் கிழவர் செத்துப்போய் அவர் பண்ணைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஊரே டிராக்டருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, அப்பா கோழிக்கொட்டகையிலிருந்து ஒரு துருப்பிடித்த இரும்புக் குவியலைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். சுட்ட தோட்டாவின் காலி உறையில் மறுபடி வெடிமருந்து நிரப்பும் எந்திரமாம். நம் கராஜில் இருப்பது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். இது அப்படியில்லை. ஒரு வட்டத் தட்டில் ஐந்து உறைகள் நிற்கும். நெம்புகோலை ஒரு தரம் இழுத்தால் ஒன்றில் அடியிலுள்ள பழைய வெடிக் கேப்பு கழன்று விழும், அடுத்ததில் புதுக் கேப்பு ஏறும், அதற்கடுத்ததில் மருந்து கொட்டும், பிறகு குண்டு உட்காரும், கடைசியில் வாய் இறுகும். தட்டை ஓரிடம் திருப்பிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும்.

இப்போது அது எதையும் செய்யவில்லை. குளியல் தொட்டியில் மண்ணெண்ணெயில் ஊறுகிறது. நான் நான்கு நாளாகப் பள்ளிக்கூடத்தில்தான் குளிக்கிறேன். ஊறிய துண்டுகளைக் காயவைக்கிறேன் என்று அடுப்பில் வைத்துவிட்டார். "ஹார்லன், என் அடுப்புல உருளைக்கிழங்கு வேகணுமா, உன் நட்டு போல்ட்டு வேகணுமா, ஒண்ண முடிவு பண்ணு" என்று அம்மா கேட்டாள். அப்பா யோசித்துத்தான் பதில் சொன்னார். போல்ட்டு.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாததை இனிமேல்தான் எழுத வேண்டும்.

ஜனவரியில் பள்ளி பஸ் கொட்டகை வாசலில் அப்பா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. அதற்குப் பிறகு அவர் அடிக்கடி போய்விடுகிறார். எழுந்து எங்கும் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே. கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவார், போனதே தெரியாதவர் மாதிரி. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து நடுவில் அப்படிப் போய்விட்டால்? தட்டைத் திருப்பியதாக நினைத்து மறுபடி இழுத்துவிட்டால்? மருந்து விழுந்த உறையிலேயே இன்னொரு முறை விழும். சுடுகிறவர் கையிலேயே துப்பாக்கி வெடிக்கும். வியாழக்கிழமை துப்பாக்கி சுடும் கூட்டத்தில் வெர்னும் மற்ற சிநேகிதர்களும் அப்பா நிரப்பிய தோட்டாவைத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிச் சுடுகிறார்கள்.

நல்லவேளை, தட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய கொக்கி ஒன்று காணவில்லை. செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். "ஆர்லோகிட்ட கடைசல் எந்திரம் இருக்கு" என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொண்டார். உன்னிடம் கேட்டால் செய்து கொடுக்காதே. கொக்கி இல்லாவிட்டால் எந்திரம் ஓடாது. ஓடாவிட்டால் அலுத்துப்போய் விட்டுவிடுவார்.

தைரியமாகப் பதில் போடு. தபால் நிலையப் பெட்டியைத் திறப்பது இன்னும் என் வேலைதான்.

உன் தங்கை,
தோரா


மார்ச் 17

என் சுண்டெலிக்கு,

கிழித்துவிட்டேன். கடலில் போடவில்லை, காற்று திருப்பி முகத்திலேயே அடிக்கும். அடுப்பில் போட்டேன். நான் சுகம். கை ஆறிவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை. நாய்கள் என்னோடு ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கின்றன. அம்மாவின் முதுகுக்குச் சுடுதண்ணீர்ப் பை வைத்துக் கொடு.

போன வாரம் குப்பைத் தொட்டியில் ஒரு கரடி மாட்டிக்கொண்டது. மேலாளர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அதனிடம் நியாயம் கேட்டார். கரடி கேட்டுக்கொண்டது, மேலாளர்தான் கேட்கவில்லை. அவரைக் கூரையிலிருந்து இறக்க ஏணி கொண்டுபோனோம்.

அப்பா எப்போதும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ஆள்தானே. ஞாயிறு தேவாலயத்தில் பார்த்ததில்லையா? நீ ரொம்பப் பயப்படுகிறாய். கொக்கியைப் பற்றியும் பயம் வேண்டாம். அவர் வாங்கிக்கொடுத்த தானியக் கிடங்கு வேலையை உதறிவிட்டு நான் கிளம்பிய நாளிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடமா வந்து கேட்கப்போகிறார்.

ஒன்றே ஒன்று. பஸ் இன்னும் அவர்தான் ஓட்டுகிறாரா?

உன் அண்ணன்,
ஆர்லோ


மார்ச் 27

அன்புள்ள ஆர்லோ,

நலமாக இருப்பாய். கரடியும் நலமாக இருக்கும். கரடியைப் பற்றி எழுதிய அளவுக்கு அப்பாவைப் பற்றி எழுதியிருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும். அம்மாவின் முதுகு அப்படியேதான். எனக்குச் சளி.

தூக்கம் இல்லை இது. நேற்று சாப்பாட்டு மேசையில் அப்பா வெர்னுடைய நாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே எனக்கு உருளைக்கிழங்கு பரிமாறினார். பாதிக் கதையில் நின்றுவிட்டார். கரண்டி என் தட்டுக்கு மேலேயே நின்றது. குழம்பு மட்டும் என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "காது கேக்காத மாதிரி நடிக்கிறதுக்கு ஒரு பரிசு குடுத்தா உங்கப்பாவுக்குத்தான்" என்றாள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பிறகு அவர் நாயை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் வேறு ஏதோ சொன்னார்.

எந்திரம் தொட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. தினமும் இரும்பு நாரால் தேய்க்கிறார். துருவுக்கு அடியில் நீல நிறம் வருகிறது. மருந்துக் குடுவைக்குப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். வளைந்த நெம்புகோலை வெர்ன் நிமிர்த்திக் கொடுத்தார். இப்போது கொக்கி ஒன்றுதான் பாக்கி. தயவுசெய்து, தயவுசெய்து செய்யாதே.

தோரா


ஏப்ரல் 9

தோரா,

உன் சளி போயிருக்கும். இங்கே மீன் வரத்து அதிகம், உட்கார நேரமில்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். பஸ் கொட்டகையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு. மேலாளர் பட்டறைக்கு வந்து, "யாரோ உன் அப்பனாம்" என்றபோது செத்தது யார் என்றுதான் நினைத்தேன். கொக்கி வேண்டுமாம். அளவெல்லாம் சொன்னார். பார்க்கிறேன் என்றேன். மற்றபடி மழை, பனி, கோதுமை விலை.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

ஆர்லோ


ஏப்ரல் 17

ஆர்லோ,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் நீ நலமாக இரு.

பார்க்கிறேன் என்றா சொன்னாய்? முடியாது என்பது எத்தனை சின்ன வார்த்தை. இரண்டு வருடம் பேசாதவர் ஒரு முறை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இரும்பை அறுக்க உட்கார்ந்துவிட்டாயா? இங்கே அவர் தபால் வந்ததா, தபால் வந்ததா என்று என்னைத் தினமும் கேட்கிறார். உன்னைப் பற்றிப் பேசவே மாட்டார் என்றிருந்த வீட்டில் இப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதுகூட "ஆர்லோ கை நல்ல கை, மயிரிழை தப்பாது" என்கிறார். எனக்கு அழுகை வருகிறது, கோபமும் வருகிறது. இரண்டும் உன்மேல்தான்.

மழை, பனி, கோதுமை விலை மட்டும் பேசவா அப்பா அத்தனை தூரம் கூப்பிட்டார்? அவர் கோதுமை விதைக்கிறவர்கூட இல்லையே.

எந்திரத்தைப் பற்றி நான் கேட்டால் நீ ஏன் பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறாய்?

தோரா


ஏப்ரல் 27

தோரா,

சுகமா? நான் சரியாகத் தூங்கவில்லை, மற்றபடி சுகம்.

கொக்கியைச் செய்யவில்லை. நீ கேட்டுக்கொண்டதற்காக. அவரிடம் எஃகு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன். பட்டறை முழுக்க எஃகை வைத்துக்கொண்டு. அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அந்தக் கொக்கி எதற்கு என்று அவரிடமே கேள். இதற்கு மேல் நான் எழுதக் கூடாது.

நீ அதே பஸ்ஸில்தானே பள்ளிக்குப் போகிறாய்?

ஆர்லோ


மே 5

அன்புள்ள ஆர்லோ,

நீ தூங்கினாயா? நான் இல்லை.

"கொக்கி எதுக்குப்பா?" என்று கேட்டேன். "நீ உன் கணக்குப் பாடத்தப் பாரு" என்றார். எழுதக் கூடாது என்று நீ எழுதுகிறாய், பேசக் கூடாது என்று அவர் பேசுகிறார். இந்த வீட்டு ஆண்களிடம் கேள்வி கேட்பதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

காத்திருந்து அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்று நினைத்தேனே, அவர் கொக்கி இல்லாமலே ஆரம்பித்துவிட்டார். நான் நினைத்தது தப்பு. கொக்கி இல்லாவிட்டாலும் எந்திரம் ஓடும். நெம்புகோலை இழுப்பார், தட்டைக் கட்டைவிரலால் தள்ளித் திருப்புவார், மறுபடி இழுப்பார். குண்டு இன்னும் வைக்கவில்லை, மருந்து மட்டும்தான். நான் வாசலில் சைக்கிளைத் துடைக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பயந்த மாதிரியே நடந்தது. கட்டைவிரல் தட்டின் மேலே இருந்தபோது அவர் போய்விட்டார். வெளியே வெர்னுடைய லாரி போனது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு வந்தார். தட்டைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். நெம்புகோலை இழுத்தார்.

அவர் காபி எடுக்க உள்ளே போனதும் ஓடிப்போய் உறைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்றவற்றில் மருந்து அடியில் கொஞ்சமாக இருந்தது. ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு உயரத்துக்குக் கறுப்பாக நின்றது. அதை மட்டும் எடுத்திருக்கலாம். பதற்றத்தில் அன்று செய்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் வேலிக்குப் பின்னால் மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் போட்டுவிட்டேன்.

அப்பா திரும்பி வந்து காலி மேசையைப் பார்த்தார். என் ஈரச் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு மருந்துக் குடுவையை மூடினார்.

என்ன செய்யட்டும், சொல்.

தோரா


மே 11

அன்புள்ள தோரா,

இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். நீ நலமாக, பத்து விரல்களோடு இருக்க வேண்டும், அவரும்தான்.

வாக்கை மீறுகிறேன். மீறாமல் இருந்ததுதான் தப்பு.

அப்பாவுக்குத் தெரியும். முதல் முறை கூப்பிட்டபோதே என்னிடம் சொல்லிவிட்டார். தான் போவது தெரியாதாம், திரும்பி வருவது தெரியுமாம். கையில் சிகரெட் நீளச் சாம்பலாக இருக்குமாம், வானொலியில் வேறு பாட்டு ஓடுமாம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை என்றார். முகத்தைப் பார்க்க வேண்டாத ஒருவனிடம்தான் சொல்ல முடிந்திருக்கிறது. அதனால்தான் நான்.

டோர்வால்டின் கோழிக்கொட்டகையில் அந்த எந்திரத்தை அவர் தூக்கியதே இதற்காகத்தான். பழைய எந்திரத்தில் ஒவ்வொன்றையும் அவர் நினைவு வைக்க வேண்டும். இதில் அந்தக் கொக்கி இருந்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டு தானாக ஓரிடம் நகர்ந்துவிடும். எத்தனை முறை மறந்து இழுத்தாலும் மருந்து புது உறையில்தான் விழும். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் தலை மறந்துடுது ஆர்லோ. இரும்பு மறக்காது. நீ அந்தக் கொக்கிய மட்டும் செஞ்சு குடு. தோராவுக்குத் தெரிய வேண்டாம், பயந்துக்குவா."

நீ தடுக்கச் சொன்னது அவர் தனக்கு வாங்கிக்கொண்ட காவலை. நான் உனக்கும் நல்லவனாக, அவருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்து உங்கள் இருவரையும் அந்தக் கட்டைவிரலை நம்பும்படி விட்டுவிட்டேன். கொக்கி இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. உடனே கொடு.

பஸ் ஓட்டும்போது வருவதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். தினமும் பின்னால் உட்கார்ந்து வருகிறவள் நீ. உண்மையா?

ஆர்லோ


மே 15

அன்புள்ள ஆர்லோ,

எங்கள் எல்லாருக்கும் எல்லா விரல்களும் இருக்கின்றன. அம்மாவுக்கு முதுகு கொஞ்சம் தேவலை.

பொட்டலத்தைப் பிரிக்காமலே கராஜில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா கொக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விளிம்பை நகத்தால் தடவினார். தட்டைக் கழற்றி அடியில் பொருத்தினார். அரம் வைத்து ஒரு தேய்ப்புக்கூடத் தேவைப்படவில்லை. நெம்புகோலை இழுத்ததும் 'டக்' என்றது. தட்டு தானாக நகர்ந்து நின்றது. மருந்து இல்லாமல், குண்டு இல்லாமல், வெறும் தட்டைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டுப் பார்த்தார். "பாத்தியா உங்கண்ணன் வேலைய" என்றார். பிறகு நகர்ந்துகொண்டு, "நீ இழு" என்றார். நானும் இழுத்தேன். துரு எல்லாம் போய் அந்தி வானம் மாதிரி நீலமாக இருக்கிறது அது. இத்தனை நாள் அதை வெறுத்தேன் என்பதே மறந்துவிட்டது.

குண்டு வைக்காமல் மருந்து மட்டும் போட்டு ஓட்டியதையும் பார்த்தேன். நடுவில் ஒரு முறை போனார். திரும்பி வந்து இழுத்தார். டக். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே அளவு. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

வெர்ன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நாயும்.

தோரா


மே 20

தோரா,

நான் சுகம். கொக்கி பொருந்தியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

நாயைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய். பஸ்ஸைப் பற்றி எழுதவில்லை. உனக்கு நான் கரடிக்கதை சொன்ன மாதிரி நீ எனக்குச் சொல்கிறாய். இனிமேல் கேட்கமாட்டேன். எழுதாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆர்லோ


மே 27
வெள்ளி இரவு

அன்புள்ள ஆர்லோ,

இதைக் கிழிக்காதே. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

உடம்பு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

பஸ்ஸிலும் வருகிறது. மார்ச்சிலேயே பார்த்தேன். நீ கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுத உட்கார்ந்து வேறு எதையோ எழுதினேன். கிடங்கை மூடிவிட்டார்கள், அவருக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே வேலை இது. அதைப் பறித்தது நான் என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். எந்திரத்துக்குப் பயப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்று காலை ரயில் பாதையைக் கடக்கும் இடம். உனக்கு நினைவிருக்கும், பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து, எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவார். நிறுத்தினார். கதவைத் திறந்தார். காற்று உள்ளே வந்தது. பிள்ளைகள் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படியே நின்றோம். முன் வரிசையில் இருக்கும் மழலை வகுப்புக் குட்டிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் எழுந்து முன்னால் போனபோது அவர் திரும்பி வந்துவிட்டார். கை கதவை மூடியது, கால் கிளட்சை விட ஆரம்பித்தது. நான் அவர் தோளைத் தொட்டேன்.

"பாத்தேனா நான்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தார். பாதையில் ஒன்றும் இல்லை. நாங்கள் பள்ளி வாசலில் இறங்கும்போதுதான் தானிய ரயிலின் ஊதல் கேட்டது. அது முழுக்கப் போய் முடியும்வரை என்னால் வகுப்புக்குள் போக முடியவில்லை.

சாயங்காலம் கராஜுக்குப் போனேன். எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆர்லோ எல்லாவற்றையும் எழுதிவிட்டான் என்றேன். தலையை ஆட்டினார். "ஸ்கூல் மூட இன்னும் கொஞ்ச நாள்தான் தோரா. அதுவரைக்கும் ஓட்டிடுறேன். கோடையில டாக்டர்கிட்ட போறேன்" என்றார். குரலில் என்னிடம் அனுமதி கேட்பது மாதிரி இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் சொன்னேன், "பஸ்ஸுக்குக் கொக்கி கிடையாதுப்பா."

திங்கள் விடுமுறை, செவ்வாய்க்கிழமை காலை தலைமையாசிரியர் ஹௌகன் சாரிடம் நானே சொல்லிவிடுவேன் என்றேன். அம்மாவிடமும். அவர் நெம்புகோலை ஒரு முறை வெறுமனே இழுத்தார். தட்டு நகர்ந்து நின்றது. எந்திரத்தின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு விளக்கை அணைத்தார். நான் இருட்டில் நின்றேன். அப்போதிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவர் இனிமேல் என்னோடு பேசாமல் போகலாம். உன்னோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். நீ எப்படித் தாங்கினாய் என்று இப்போது

கதவைத் தட்டுகிறார். அம்மா வேலைக்குப் போய்விட்டாள், அவர்தான். "தோரா, முழிச்சிட்டிருக்கியா?" என்கிறார். நான் மூச்சுவிடவில்லை. டார்ச்சை அணைக்கவும் கை வரவில்லை.

கதவுக்கு அடியில் ஏதோ உரசுகிறது. மஞ்சள் வளையம். பஸ் சாவி. தரையில் தள்ளிவிட்டு அவர் அங்கேயே நிற்கிறார், காலின் நிழல் தெரிகிறது. நான் கதவைத் திறக்கப் போகிறேன்.